கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு,

வணக்கம். போன வருடம் உங்களில் ஒருவர் என்னை ஒரு மாணவர் கூட்டத்தில் பேச அழைத்தார். நான் செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். அதற்கு முன்னால் ஏழு வருடம் வேறு எதுவும் செய்யாமல் செஸ் மட்டுமே ஆடியவன். உலக செஸ் கூட்டமைப்பு தரும் ஃபிடே மாஸ்டர் பட்டம் கிடைத்தது. அதற்கு மேலே இருக்கும் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. இருந்தாலும் மேடைக்கு இவ்வளவு போதும் என்று அழைத்தவர் நினைத்தார். முதல் நாள் ராத்திரி போன் செய்து, "கனவுக்காக என்னென்ன தியாகம் பண்ணீங்கங்கிறதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க சார், அந்த இடத்துலதான் கை தட்டுவாங்க" என்றார்.

அழுத்தித்தான் சொன்னேன். இருபத்து நான்கு வயதில் நிரந்தர வேலையை விட்டதைச் சொன்னேன். நெருங்கிய நண்பர்கள் மூன்று பேரின் திருமணத்துக்குப் போகாததைச் சொன்னேன். தூக்கத்தைத் தியாகம் செய்ததைச் சொன்னேன். அவர் சொன்ன இடத்தில் சரியாகக் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் என் அக்காவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: "தூக்கத்தைத் தியாகம் பண்ணினியா? பத்து மணிக்கு முன்னாடி நீ எந்திரிச்ச நாள் ஒண்ணு சொல்லு, பாக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. அந்த இருபது நிமிடப் பேச்சில் அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. இந்த மடலுக்கு அதுதான் காரணம்.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் புரியும். இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆவதற்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், ஒரு தடவையாவது 2400ஐத் தொட வேண்டும். அதோடு 'நார்ம்' என்று ஒன்று உண்டு. அதை வழக்கமாக மூன்று தொடர்களில் எடுக்க வேண்டும். ஒரு நார்ம் என்றால் பொதுவாக ஒன்பது ஆட்டம், அவற்றில் 2450 ரேட்டிங் உள்ளவர் ஆடுகிற அளவுக்கு ஆடியிருக்க வேண்டும், எதிராளிகளில் பட்டம் பெற்றவர்கள் இத்தனை பேர், வேறு நாட்டவர் இத்தனை பேர் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். அதனால் வீட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நார்ம் எடுப்பது கஷ்டம். அப்படிப்பட்ட தொடர் நடக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். பயணச் செலவு, பத்து நாள் அறை வாடகை, நுழைவுக் கட்டணம், பயிற்சியாளருக்குக் கொடுப்பது. நான் ஆடிய மட்டத்தில் பரிசுப் பணம் வந்த தொடர்களில்கூட அது அறை வாடகைக்கே பற்றவில்லை.

வேலையை விட்டவனுக்கு இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது? மேடையில் இருந்த யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொடுத்தது அக்கா. மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையிலேயே இருந்தாள். அந்த அடுத்த வருடம் ஏழு தடவை வந்து போனது.

நான் இரண்டு நார்ம் எடுத்தேன். ரேட்டிங் 2387 வரை ஏறியது. மூன்றாவது நார்முக்கு ஒரு தொடரில் கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி போதும் என்ற நிலை வந்தது. டிரா செய்தால் முடிந்தது. அறுபது நகர்த்தல் வரை தாக்குப்பிடித்தேன். யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய, யாருக்கும் சாதகமில்லாத நிலை. அங்கே கவனம் சிதறி ஒரு சிப்பாயை விட்டேன், அப்புறம் ஆட்டத்தையே விட்டேன். ராத்திரி அக்காவுக்கு போன் செய்தபோது, "சரி, அடுத்தது எப்போ? எவ்வளவு கட்டணும்?" என்றாள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஊக்கமாகப் பட்டது. அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்குக் கேட்கவே இல்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் எல்லாருக்கும் பிடித்த குறள் 619. தெய்வத்தால் ஆகாது என்றாலும், முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்கிற குறள். நான் போன அன்றும் இரண்டு பேர் அதைச் சொன்னார்கள். மெய்வருத்தக் கூலி! என்ன சொல்! ஆனால் என் கதையில் மெய் வருந்தியது ஒருவருக்கு, கூலி வாங்கியது இன்னொருவர். பட்டமும் கைதட்டலும் எனக்கு வந்தன. இதற்கு நம் வீடுகளில் ஒரு பழமொழி சொல்வார்களே, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று. அதைத்தான் நான் ஏழு வருடம் செய்துவிட்டு, மேடையேறித் தியாகம் என்று பெயர் வைத்தேன். வள்ளுவர் 463ஆம் குறளில் இன்னொன்றும் சொல்கிறார்: வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையில் இருக்கும் முதலீட்டையே இழக்கும் காரியத்தில் அறிவுடையவர்கள் இறங்க மாட்டார்கள். இதை ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. கை தட்டுவதற்கான இடம் அதில் இல்லை என்பது புரிகிறது.

செஸ்ஸிலும் தியாகம் உண்டு. காயைப் பலி கொடுப்பது என்போம். ருடால்ஃப் ஸ்பீல்மன் என்ற ஆஸ்திரிய ஆட்டக்காரர் 1935ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பலிகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று போலிப் பலி. குதிரையைக் கொடுக்கிறோம், நாலு நகர்த்தலில் ராணி கிடைக்கும் அல்லது ராஜா மாட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே தெரியும். பேர்தான் பலி, உண்மையில் அது கொடுத்து வாங்குகிற வியாபாரம். இன்னொன்று நிஜப் பலி. கொடுப்பது நிச்சயம், திரும்பி வருமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல யாராலும் முடியாது.

நீங்கள் சொல்லும் கதைகள் எல்லாமே முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படுகின்றன. வேலையை விட்டார், வீட்டை அடமானம் வைத்தார், ஜெயித்தார். கேட்டுக்கொண்டிருக்கும் பையனுக்கு நிஜப் பலி போலிப் பலி போலத் தெரிகிறது. கொடுத்தால் நாலாவது நகர்த்தலில் திரும்ப வந்துவிடும் என்று நம்பி வீட்டுக்குப் போகிறான். அப்புறம், பலகையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பலியாகப் போகும் குதிரையிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

சம்மதம் என்றதும் உங்களுடைய இன்னொரு பிரியமான கதை ஞாபகம் வருகிறது. "படகை எரித்துவிடு." 1519ல் எர்னான் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியப் படைத்தலைவன் மெக்சிகோக் கரையில் இறங்கியதும் கப்பல்களைக் கொளுத்தினான், திரும்பிப் போக வழியில்லை என்றானதும் படை வெறியோடு போராடி ஜெயித்தது என்று சொல்வீர்கள். அவன் போன காரியம் எப்படிப்பட்டது என்பது தனிக்கதை, விடுங்கள். ஆனால் அவன் கொளுத்தவில்லை. கப்பல்களைத் தரைதட்டச் செய்து செயலிழக்க வைத்தான். எரித்தான் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஏன் அப்படிச் செய்தான் என்பதுதான் எனக்கு முக்கியம். அவனுடைய ஆட்களிலேயே ஒரு கூட்டம் கியூபாவுக்குத் திரும்பிப் போக நினைத்தது. ஒரு கப்பலோடு நழுவிவிடத் திட்டமும் போட்டது. அவர்கள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் கப்பல்கள் போயின. அரசருக்குச் செல்வமும் தூதும் கொண்டுபோக வேண்டிய கப்பலை மட்டும் அவன் அதற்கு முன்பே பத்திரமாக ஸ்பெயினுக்கு அனுப்பியிருந்தான்.

ஆக, தன்னுடைய கனவுக்காக மற்றவர்கள் வீடு திரும்பும் வழியை அடைத்த ஒருவனின் கதை அது. அதைத்தான் நாம் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மன உறுதி என்று சொல்லிக்கொடுக்கிறோம். என் வீட்டில் படகை விட்டது நான். கரையில் மாட்டிக்கொண்டது அக்கா.

ஜெயித்தவர்களின் கதைகளும் இதே மாதிரிதான். ஓவியர் பால் கோகேன் பங்குத் தரகராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். 1882ல் பங்குச் சந்தை சரிந்தது. அதற்கப்புறம் ஓவியமே வாழ்க்கை என்று இறங்கினார். மனைவி மெத்தே, ஐந்து குழந்தைகள். 1885ல் ஒரு மகனை மட்டும் கூட்டிக்கொண்டு, மற்றவர்களை டென்மார்க்கில் விட்டுவிட்டுப் பாரிசுக்குத் திரும்பினார், 1891ல் பசிபிக் தீவான தாஹித்திக்குக் கப்பல் ஏறினார். மெத்தே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் பிள்ளைகளை வளர்த்தார். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976ல் கோகேனை மாதிரியாக வைத்து ஒரு சங்கடமான கேள்வி கேட்டார். குடும்பத்தை விட்டுப் போனதற்கு ஒரு நியாயம் கிடைக்குமென்றால் அது ஓவியத்தில் ஜெயித்தால்தான் கிடைக்கும். ஆனால் ஜெயிப்போமா என்பது போகிற அன்றைக்கு அவனுக்கே தெரியாது. அப்படியானால் நல்லது கெட்டது என்பதை அதிர்ஷ்டமா தீர்மானிக்கிறது? தத்துவவாதிகள் இன்னும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கோகேன் ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் மெத்தே பாடம் சொல்லிக்கொடுத்த நேரத்தில் ஒரு மணி நேரம்கூடக் குறைந்திருக்காது.

வின்சென்ட் வான்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் கதையில் அவர் தனியாக நின்று போராடுகிறார். அவர் ஓவியராக வாழ்ந்த சுமார் பத்து வருடமும் ஓவிய வணிகரான தம்பி தியோ தன் சம்பாத்தியத்திலிருந்து பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். வண்ணம், துணி, வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான். 1890 ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில் தியோவும் போனார். ஒரு வயது நிறையாத குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோ, ஒரு விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே யாரும் பெரிதாகச் சீந்தாத அந்த ஓவியங்களைக் காப்பாற்றினார், கண்காட்சிகளுக்கு அனுப்பினார், அண்ணன் தம்பி கடிதங்களைத் தொகுத்து 1914ல் அச்சேற்றினார். இன்று வான்கோ என்றால் உலகத்துக்குத் தெரிகிறது என்றால் அதில் பெரும்பங்கு யோவுடைய உழைப்பு. கனவு ஒருவருடையது, உழைப்பு மூன்று பேருடையது. மேடைக்கு வருவது ஒரே பெயர்.

நமக்கு நெருக்கமான பெயர் ராமானுஜன். 1914ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார், 1919ல் நோயோடு திரும்பினார், அடுத்த வருடம் ஏப்ரலில் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். கணிதத்துக்காக அவர் கொடுத்ததைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அப்போது அவர் மனைவி ஜானகி அம்மாளுக்கு வயது இருபத்தொன்று. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது எழுபத்து நான்கு வருடம், 1994 வரை. தையல் கற்றுக்கொண்டு, அதில் சம்பாதித்து, ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். ராமானுஜன் போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல நான் யார்? அந்த எழுபத்து நான்கு வருடத்துக்கு உங்கள் பேச்சில் ஒரு வாக்கியம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இவர்களெல்லாம் பேர் கிடைத்தவர்கள். கிடைக்காதவர்கள்? ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு கதை சொல்கிறார். அவரும் மேடைப் பேச்சாளர்தான், உங்கள் ஆள். தியாகோரஸ் என்ற கிரேக்கர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஒரு நண்பர் அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரெல்லாம் தொங்கிய படங்களைக் காட்டினாராம். புயலில் சிக்கி, வேண்டிக்கொண்டு, உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்கள் அவை. "இத்தனை பேரைப் பார்த்துமா நம்பவில்லை?" தியாகோரஸ் கேட்டது: "சரி, வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே மாட்டியிருக்கிறது?"

உங்கள் மேடை அந்தக் கோவில் சுவர் மாதிரிதான். என்னோடு ஆடி, என்னை மாதிரியே எல்லாவற்றையும் விட்டு, ஃபிடே மாஸ்டர் பட்டம்கூட எட்டாமல் போனவர்களை எனக்குத் தெரியும். என்னைவிட அதிகமாக உழைத்தவர்களும் அதில் உண்டு. அவர்களை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. எனக்கும் இரண்டு நார்ம் இல்லாவிட்டால் அழைப்பு வந்திருக்காது.

"ஏழு வருஷம் எதுக்கு இழுத்தே? ரெண்டு வருஷத்துல தெரிஞ்சிருக்குமே" என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். தெரிந்தது. மூன்றாவது வருடக் கடைசியில் எனக்கே ஓரளவு தெரிந்துவிட்டது. என் வேகமும் ஞாபகமும் எங்கே நிற்கும் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் அதற்குள் எவ்வளவோ கொடுத்தாகிவிட்டது. நிறுத்தினால் கொடுத்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். 1985ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கில் ஒரு பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்துப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், அவர்கள் கேட்காமலே, தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். நாடகங்கள் ஒன்றுதான், நாற்காலி ஒன்றுதான். முழு விலை கொடுத்தவர்கள் அந்தப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பிடித்திருக்கிறதோ இல்லையோ, கொடுத்த காசு பிடித்து இழுக்கிறது. தியாகமும் அப்படித்தான் இழுக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு பெரிதாகக் கொடுத்தோமோ அவ்வளவுக்கு எழுந்து வெளியே வர முடியாது. நீங்களோ "எல்லாவற்றையும் கொடு" என்கிறீர்கள். எல்லாவற்றையும் கொடுத்தவன் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை யாரிடம் போய்க் கேட்பான்? "இத்தனை வருஷம் பட்டதுக்கு அப்புறம் விட்டுடுவியா?" என்று அடுத்த மேடையிலும் நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

வேலையை விட்டால்தான் கனவு பலிக்கும் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். நானும் அப்படி நம்பித்தான் விட்டேன். ராஃபி, ஃபெங் என்ற இருவர் அமெரிக்காவில் சொந்தத் தொழில் தொடங்கிய ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். வேலையை வைத்துக்கொண்டே தொழிலைத் தொடங்கி, பிற்பாடு முழுநேரமாக மாறியவர்களுக்கு, எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிடத் தோற்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. எழுத்தாளர் காஃப்கா 1908லிருந்து 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், எழுதியது ராத்திரியில். டோனி மாரிசன் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு பதிப்பகத்தில் ஆசிரியர் வேலையும் பார்த்தவர். முதல் நாவல் 1970ல் வந்தது, வேலையை விட்டது 1983 வாக்கில், நோபல் 1993ல். இவர்களை நீங்களும் சொல்கிறீர்கள், ஆனால் "அவ்வளவு கஷ்டத்திலும்" என்று சேர்த்துச் சொல்கிறீர்கள். வேலை அவர்களுக்கு வெறும் தடையாக இருந்திருந்தால் இத்தனை வருடம் வைத்திருக்க மாட்டார்கள். மாதா மாதம் வந்த சம்பளம் அவர்கள் கனவை இன்னொருவர் தலையில் ஏற்றாமல் காத்தது. செஸ் மாதிரி இளமையிலேயே முழுநேரம் கேட்கும் துறைகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேலையை விட்டதால் கிடைத்த கூடுதல் நேரம் எங்கே போனது என்று அக்கா சொல்லிவிட்டாள்: பத்து மணி வரை தூக்கத்தில்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆந்தனி ட்ரோலோப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், நாற்பத்தேழு நாவல் எழுதியவர், அதில் பெரும்பகுதிக் காலம் தபால் துறை அதிகாரி. தினமும் அதிகாலை 5:30க்கு எழுத உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிவிட ஒரு வயதான வேலையாள் இருந்தார். அந்த வேலைக்கென்று அவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார் ட்ரோலோப். தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, என் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் போலும் என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான் விஷயம். யார் நமக்காக நமக்கு முன்னால் எழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது, அதற்குக் கூலியும் கொடுத்தார், ஊரறியச் சொல்லவும் செய்தார்.

என் கதையில் இது மூன்றும் இல்லை. அன்றைக்கு வண்டியில் சிரித்து முடித்தபின் அக்காவிடம் கேட்டேன், "உன் படிப்பு போனது என்னாலதானே?"

"உன்னாலன்னு சொல்ல முடியாது. நான்தான் குடுத்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ ஒரு தடவைகூடக் கேக்கலை. கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ரெண்டு வருஷம்னு சொல்லிக் குடுத்திருப்பேன்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். அவள் கனவுக்கு எதிரி இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. ஒரு கேள்வியும் ஒரு தேதியும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. தேதி இருந்திருந்தால் அவளுடைய படிப்பு இரண்டு வருடம் தள்ளிப்போயிருக்கும், காணாமல் போயிருக்காது. எனக்கும் அது நல்லதாகவே இருந்திருக்கும். இரண்டு வருடம்தான் என்று தெரிந்தவன் பத்து மணி வரை தூங்க மாட்டான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒருவரை மேடையேற்றி "என்ன தியாகம் செய்தீர்கள்?" என்று கேட்கும்போது, அந்த வருடங்களில் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்றும் கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் யார் விழித்திருந்தார்கள் என்று கேளுங்கள். அவரிடம் முன்கூட்டிச் சொன்னீர்களா, எவ்வளவு காலம் என்று பேசிக்கொண்டீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆளையே இன்னொரு நாற்காலியில் உட்கார வையுங்கள். எப்போதாவது தோற்று நிறுத்தியவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். எந்த நாளில், எதைப் பார்த்து நிறுத்தினார் என்று கேளுங்கள். மாணவர்களுக்கு அந்த ஒரு தகவல் இருபது வெற்றிக் கதைகளைவிட உபயோகப்படும். என் பயிற்சிக்கு வரும் பெற்றோர்கள் "பட்டம் வாங்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போது நான் இப்போது பணத்தைச் சொல்லிவிட்டு, வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறதா, அதற்கு என்ன ஆசை என்று கேட்கிறேன். சில பேர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் பதில் சொல்லாமல் போய், இரண்டு நாள் கழித்து இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். இப்படிக் கணக்குப் பார்த்தால் யாரும் எதற்கும் துணிய மாட்டார்கள், பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருக்கலாம். சிலர் உட்கார்ந்துவிடுவார்கள்தான். ஆனால் செஸ் ஆடிய ஏழு வருடத்தை இன்னொரு தடவை கொடுத்தால் வாங்கிக்கொள்வேனா என்று கேட்டால், வாங்கிக்கொள்வேன் என்றுதான் சொல்வேன். அந்த அறைகளின் அமைதி, கடிகாரத்தை அழுத்தும் சத்தம், முதல் நார்ம் எடுத்த அன்று நடந்தே அறைக்குத் திரும்பியது எல்லாம் இன்னும் இனிக்கிறது. கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வேன். அதுதான் வித்தியாசம்.

ஒரு சமாச்சாரம் மிச்சம் இருக்கிறது. அக்கா போன வருடக் கடைசியில் விட்ட படிப்பில் சேர்ந்துவிட்டாள், நாற்பத்தொரு வயதில், வேலையை விடாமலே. சனி, ஞாயிறு வகுப்பு. அந்த இரண்டு நாளும் அவள் மகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் வார இறுதிப் பயிற்சி வகுப்புகளை நிறுத்தியிருக்கிறேன், வருமானம் குறையத்தான் செய்கிறது. தொடங்கும் முன் என்னை உட்கார வைத்துக் கேட்டாள். எவ்வளவு காலம் என்றேன். மூன்று வருடம் என்றாள். அவள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறாள்.

அதே கூட்டத்துக்கு இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. அக்காவும் மேடையில் உட்கார்ந்தால்தான் வருவேன் என்று பதில் போட்டேன். உங்கள் நண்பர் பெரிய மனதோடு சரி என்றுவிட்டார். அக்காதான் முடியாது என்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை.

இப்படிக்கு,
மூன்றாவது நார்ம் எடுக்காத ஒரு செஸ் வாத்தியார்